திருவருகைக்கால மெழுகுவர்த்தித் தொகுப்பு: 25 இரவுகள் ஏற்றிப் பார்த்த பிறகு

இந்தத் தொகுப்பை அக்காவுக்காக வாங்கினேன். அவள் இருந்திருந்தால் கடைப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் வேலையே இருந்திருக்காது. பங்குக் கோவிலில் பீட அலங்காரம் 18 வருஷம் அவள் பொறுப்பில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்புக் காலமான திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பச்சைக் கொப்புகளை வெட்டிக்கொண்டு வந்து தரையில் பரப்பி உட்காருவாள். கம்பி வளையத்தில் கொத்துக் கொத்தாக வைத்து, நூலைப் பல்லில் கடித்து இழுத்து இறுக்கி, ஊதா மூன்றும் ரோஸ் ஒன்றுமாக மெழுகுவர்த்தி நட்டு, கோவிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வளையமும் முடித்த பிறகுதான் எழுந்திருப்பாள். எனக்கு அந்தக் கை வராது. அதனால் பெட்டியில் வருகிற தொகுப்பை வாங்கினேன். 2025 நவம்பர் 30 முதல் டிசம்பர் 24 வரை ஒரு நாளும் விடாமல் ஏற்றியிருக்கிறேன். வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பெட்டியில் இருப்பவை: 25 செ.மீ. உயரத்தில் நான்கு மெழுகுவர்த்தி, நான்கு குழி வைத்த இரும்பு வளையம், பிளாஸ்டிக் இலைச் சரம் ஒன்று, 32 பக்கத்தில் ஒரு செபப் புத்தகம். புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கத்தில் கோடு மட்டும் போட்டு, மேலே ‘நாங்கள் நினைவுகூரும் இறந்தோர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மொத்தம் 40 வரி. இந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வேறொரு இடத்தில் சொல்லி வைத்து ஏமாந்தேன். வந்த பெட்டியில் ஊதா இரண்டு, ரோஸ் இரண்டு இருந்தன. கேட்டதற்கு, “எல்லாம் மெழுகுவர்த்திதானேம்மா” என்றார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். மூன்று ஊதாவும் ஒரு ரோஸும் அழகுக்காக வைத்த கணக்கு இல்லை. ஊதா நாம் மனம் திரும்பிக் காத்திருக்கிற நிறம். ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. அந்த ஞாயிறு பூசைத் தொடக்கத்தில் சொல்கிற வருகைப் பல்லவி, மகிழுங்கள், மீண்டும் சொல்கிறேன் மகிழுங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை எடுத்துத் தொடங்குகிறது. அதனால் அதற்கு மகிழ்ச்சி ஞாயிறு என்றே பெயர். அன்று சாமியாரும் ரோஸ் உடுப்பு போடலாம். பாதி வழி தாண்டிவிட்டோம் என்று சொல்கிற மெழுகுவர்த்தி அது ஒன்றுதான். இரண்டு இருந்தால் அந்தச் சேதி போய்விடும்.

இனி மெழுகுவர்த்தி. பெட்டியின் மேல், ஒவ்வொன்றும் 8 மணி நேரம் எரியும் என்று போட்டிருக்கிறது. அது உண்மைதான். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: மணிக்கு 3 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடக் குறைகிறது. ஆனால் செய்தவர்கள் ஒரு கணக்கை விட்டுவிட்டார்கள். திருவருகைக் காலம் புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30க்கு மிகப் பக்கத்தில் வரும் ஞாயிறில் தொடங்கும். அதாவது நவம்பர் 27இலிருந்து டிசம்பர் 3க்குள். ஆகவே வருஷத்துக்கு வருஷம் நீளம் மாறும். 22 நாளும் வரும், 28 நாளும் வரும். 2022இல் நவம்பர் 27இலேயே தொடங்கி முழுசாக 28 நாள் வந்தது. அடுத்த வருஷமே டிசம்பர் 3இல் தொடங்கி, நான்காம் ஞாயிறும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் ஒன்றாகி, 22 நாளில் முடிந்தது. 2025இல் 25 நாள். ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவதால் முதல் மெழுகுவர்த்தி 25 இரவும் எரியவேண்டும், இரண்டாவது 18, மூன்றாவது 11, நான்காவது நான்கே இரவு. இரவுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் முதலாவதற்கு மட்டும் பன்னிரண்டரை மணி நேரம் வேண்டும். 8 மணி நேர மெழுகுவர்த்தி 16ஆம் இரவோடு தீர்ந்துவிடும். நான்கையும் ஒரே உயரத்தில் வார்த்திருப்பது பெட்டிக்குள் அடுக்க வசதி. ஏற்றுகிறவருக்கு வசதி இல்லை. முதலாவதை மட்டும் 40 செ.மீ. ஆக்கியிருக்கலாம்.

நான் அதற்கு ஒரு வழி செய்துகொண்டேன். வார நாளில் கால் மணி நேரம்; ஞாயிறு மட்டும் அரை மணி நேரம். கால் மணி நேரம் போதும்: அன்றைய நற்செய்தி, செபமாலையில் ஒரு பத்து மணி, பெயர்கள், இறந்தோருக்குச் சொல்கிற நித்திய இளைப்பாற்றி செபம். அவசரப்படாமல் சொன்னாலே அதற்குள் முடிந்துவிடும்.

மெழுகின் தரம் சுமார். நிறம் மேலே தோய்த்தது மட்டும், உள்ளே வெள்ளை. மூன்றாம் இரவே முதல் ஊதாவின் வாய் குழிந்து, உள்வெள்ளை தெரிய ஆரம்பித்தது. திரி நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அந்தப் பக்கச் சுவர் மெலிந்து உருகி, ஒரு கோடாக வழிந்து, இலைமேல் சொட்டி, இலை நுனியில் வெள்ளையும் ஊதாவும் கலந்த மணியாக உறைந்தது. ஏற்றுவதற்கு முன் திரியை 6 மி.மீ. விட்டு வெட்டி, கனமான சுவர் காற்று வருகிற பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்த பிறகு வழிவது பெரும்பாலும் நின்றது. குழியும் கொஞ்சம் பெரிது, மெழுகுவர்த்தி ஆடுகிறது. அடியைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் பிடித்து அழுத்தி நட்டால் ஆடாது. ஊதி அணைக்காதீர்கள், மெழுகு தெறிக்கும். அக்கா ஒரு பழைய கரண்டியைக் கவிழ்த்து அணைப்பாள். நானும் அப்படித்தான் செய்தேன். பிளாஸ்டிக் இலைச் சரத்தைத் தீக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். உண்மையான கொப்பும் பத்து நாளில் காய்ந்து சருகாகிவிடும், அதுவும் ஆபத்துதான். சனிக்கிழமைதோறும் மாற்றினேன்.

பேட்டரியில் எரிகிற தொகுப்பும் வருகிறது. ஆக்சிஜன் வைத்திருக்கிற நோயாளி அறைக்கு, மறதி வந்த பெரியவர்கள் தனியே இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரி. மற்றவர்களுக்கு மெழுகையே சொல்வேன். உயிர்ப்புப் பெருவிழாவில் ஏற்றுகிற பெரிய மெழுகுவர்த்தியான பாஸ்காத் திரி செயற்கையாக இருக்கக்கூடாது, மெழுகிலேயே செய்யவேண்டும் என்று திருச்சபை வைத்திருக்கிற ஒழுங்கின் காரணம், ஒரு மெழுகுவர்த்தி நாள்தோறும் குறைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும்.

செபப் புத்தகத்தில் ஒரு பிழை. இந்த வளையம் ‘தொன்மையான கத்தோலிக்க மரபு’ என்று முன்னுரை சொல்கிறது. இதை இன்றைய வடிவத்தில் தொடங்கிவைத்தவர் யோஹான் ஹின்ரிக் விஷர்ன் என்ற, கத்தோலிக்கர் அல்லாத லுத்தரன் சபைப் போதகர். 1839இல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் நடத்திய இல்லத்தில். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் வார நாளுக்குச் சிறிய மெழுகுவர்த்தியும் ஞாயிறுக்குப் பெரியதுமாக வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். கத்தோலிக்கக் கோவில்களுக்கு அது 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. 2001இல் வத்திக்கான் வெளியிட்ட, மக்களின் பக்தி முயற்சிகள் பற்றிய வழிகாட்டி ஏடு இதைத் திருவருகைக் காலத்தின் அடையாளமாக ஏற்றுப் பேசுகிறது. சகோதர சபையிலிருந்து வந்த நல்ல பழக்கத்தை அப்படியே சொல்லியிருக்கலாமே. அடுத்த பதிப்பில் திருத்தினால் நல்லது.

இன்னொரு குறை பெரியது. நவம்பர் முழுவதும் ஆத்துமாக்களின் மாதம். 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் தொடங்கி, இறந்தோர் பெயர் எழுதிய ஏட்டைப் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்து மாதம் முழுக்கச் செபிக்கிறோம். திருவருகைக் காலம் பிறந்ததும் ஏடு உள்ளே போய்விடும், வளையம் வெளியே வரும். பலருக்கு அன்றோடு ‘இறந்தவர்கள் காலம் முடிந்தது, இனி குழந்தை இயேசு காலம்’ என்று மனசில் பதிந்துவிடுகிறது. புத்தகமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: நான்கு வாரமும் மாட்டுத்தொழுவம், இடையர், விண்மீன். ஆனால் முதல் ஞாயிறு நற்செய்தி எந்த ஆண்டும் பெத்லகேமைப் பற்றி வராது. விழித்திருங்கள், மனுமகன் வருகிறார் என்று உலக முடிவைப் பற்றித்தான் வரும். டிசம்பர் 16 வரை பூசையில் சொல்கிற முதல் தொடக்கவுரை இரண்டு வருகையையும் ஒரே மூச்சில் சொல்கிறது: தாழ்மையில் வந்தவர், மாட்சியோடு மீண்டும் வருவார். அந்த இரண்டாவது வருகைக்குத்தான் கல்லறையில் இருப்பவர்களும் காத்திருக்கிறார்கள். அவர்களை நவம்பரிலேயே நிறுத்திவிட்டு நாம் மட்டும் டிசம்பருக்குள் போவது எப்படி?

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை, அக்கா வழக்கம்போல இரண்டு வளையமும் கட்டி முடித்தாள். சனிக்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஞாயிறே அடக்கம் வைத்துவிடலாம், வந்தவர்கள் திங்கள் வேலைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் பேச்சு. பங்குத்தந்தை வந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: திருவருகைக் கால ஞாயிறுகளில் அடக்கத் திருப்பலி வைக்கத் திருச்சபை ஒழுங்கில் இடமில்லை. தவக்கால ஞாயிறு, பாஸ்காக் கால ஞாயிறு, பெரிய வியாழன், அதைத் தொடர்ந்து வருகிற பாஸ்கா முப்பெரும் நாள்கள், கட்டாயம் பூசை காணவேண்டிய கடன் திருநாளான பெருவிழாக்கள் இவற்றுக்கும் அதே ஒழுங்கு. வாசகமும் செபமும் மட்டும் வைத்து அடக்கம் செய்யலாம், திருப்பலி பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அக்கா வீட்டுக்காரரான அத்தான் அதுவரை வாயே திறக்கவில்லை. “பூசை இல்லாம அவ போகமாட்டா ஃபாதர். திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்” என்றார்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இறந்தவளைவிட ஒரு ஞாயிறு பெரிதா என்று நினைத்தேன். அந்த ஞாயிறு இரவு, அவள் உடல் பிணவறையில் இருந்தபோது, அவள் கட்டிய வளையத்தில் முதல் மெழுகுவர்த்தியை அத்தான் ஏற்றினார். நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். யாருக்கும் செபம் வரவில்லை. காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்கு 50 வயசுக்கு மேல் அன்றுதான் தெரிந்தது.

திங்கள் அடக்கப் பூசையில் பெட்டிக்குத் தலைமாட்டில் பாஸ்காத் திரி எரிந்தது. ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அதை ஏற்றுவார்கள். அவள் பிள்ளைகள் இரண்டு பேரின் ஞானஸ்நானத் திரியும் அந்தந்த வருஷப் பாஸ்காத் திரியிலிருந்துதான் ஏற்றப்பட்டது. பத்தடி தள்ளி, வாசக மேடைக்குப் பக்கத்தில், வெள்ளிக்கிழமை அவள் நூலைக் கடித்துக் கட்டிய வளையம். அதில் ஒரே ஒரு ஊதா மெழுகுவர்த்தி எரிந்தது, மூன்று ஏற்றாமல் நின்றன. உயிர்ப்பின் விளக்கும் காத்திருப்பின் விளக்கும் ஒரே கோவிலில் ஒரே நேரத்தில் எரிவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு தள்ளிப்போனதால்தான் அதைப் பார்த்தேன்.

ஓராண்டு நினைவுக்குப் பூசை கொடுக்க 2025 அக்டோபரிலேயே பங்கு அலுவலகத்துக்குப் போனேன். இந்த இடத்தில் எங்கள் பங்கு அலுவலகத்தின் சேவையையும் சொல்லிவிடுகிறேன், அதற்கு முழு மதிப்பெண். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பூசைக் கருத்துகளுக்கென்றே தனி ஏடு வைத்து, எத்தனை பூசை, யாருக்காக, காணிக்கை என்ன, ஒப்புக்கொடுத்தாயிற்றா என்று பதியச் சொல்கிறது. எங்கள் அலுவலகத்தில் அந்த ஏட்டைத் திறந்து நம் கண்முன்னாலேயே எழுதுகிறார்கள். பெயரை வாய்விட்டுப் படித்துச் சரியா என்று கேட்கிறார்கள். வசதியில்லாதவர் ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அவர் கருத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்கக் குருக்களை அதே சட்டம் வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறது. அதை அலுவலகத்தில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 30 என்று சொன்னதும் ஃபாதர் நாட்காட்டியைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “இந்த வருஷமும் முதல் ஞாயிறும்மா.” போன வருஷம் அடக்கத்தைத் தள்ளிய அதே ஞாயிறு, இப்போது நினைவு நாள்மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அவர் விளக்கினார்: முதலாண்டு நினைவுக்கு இறந்தோர் திருப்பலிச் செபங்களைத் திருவருகைக் கால வார நாளிலும் பயன்படுத்தலாம், ஞாயிறு மட்டும் முடியாது. மற்றபடி சாதாரணமாக இறந்தவருக்குக் கொடுக்கிற பூசை என்றால், இந்தக் காலத்தில் அன்றைய திருவருகைப் பூசையையே அந்த ஆத்துமாவுக்காக ஒப்புக்கொடுப்பார்கள். எங்கள் கோவிலில் ஞாயிறு ஒரே பூசை. அதைப் பங்கு மக்கள் எல்லாருக்காகவும் ஒப்புக்கொடுப்பது பங்குத்தந்தையின் கடமை. “ஞாயித்துக்கிழமையும் அவங்களை நினைப்போம்மா. நற்கருணை மன்றாட்டுல இறந்தவங்களை நினைக்காத பூசையே கிடையாது. பேர் சொல்லிப் பூசை திங்கக்கிழமை” என்று 1ஆம் தேதியைக் குறித்தார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த ஞாயிறு வாசிக்கப்பட்டது மத்தேயு 24. நோவாவின் காலம், பிறகு, திரிகையில் மாவரைக்கிற இரண்டு பெண்கள், ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அந்த ஞாயிறுக்கு வருகிற வாசகம் அது. சிறு வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே பாயில் படுத்த இரண்டு பேரில் விடப்பட்டவளாக நான் அதைக் கேட்டேன். அத்தான் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

திங்கள் பூசைக்கு 14 பேர் இருந்தோம். ஃபாதர் அன்றைய நற்செய்தியையே வைத்துக்கொண்டார்: நூற்றுவர் தலைவன் தன் பணியாளனுக்காக வந்து கேட்பது. படுத்துக் கிடக்கிறவன் கேட்கவில்லை, அவனுக்காக வேறொருவர் கேட்கிறார். நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்கு முன் நாம் ஒவ்வொரு பூசையிலும் சொல்கிற, நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன் என்ற வார்த்தை அந்த ஆள் வாயிலிருந்து வந்ததுதான். இறந்தவர்களுக்காகச் செபிப்பது எப்படி என்று இனி யாராவது என்னைக் கேட்டால் அந்த நற்செய்தியைத்தான் காட்டுவேன்.

இப்போது அந்த 40 வரிக்கு வருகிறேன். நானும் அத்தானும் முதல் வரியில் அக்கா பெயரை எழுதினோம். பிறகு அம்மா, அப்பா. அதற்குமேல் பேனா ஓடவில்லை. அத்தான் எழுந்து போய் அவளுடைய பழைய செபப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதன் அட்டைக்குள் நான்காக மடித்த ஒரு தாள். மடிப்பில் கிழிந்து, பின்னால் ஒட்டுநாடா போட்டு, ஒட்டுநாடாவும் மஞ்சளாகிப் போயிருந்தது. அதில் அவள் கையெழுத்தில் 28 பேர். பாதிப் பேருக்குப் பெயர் இல்லை, அடையாளம்தான். ‘கோவில் மணி அடித்த தாத்தா.’ ‘எட்டாம் நம்பர் வீட்டு அம்மா, பிள்ளை இல்லை.’ ‘தையல் டீச்சர்.’ ‘ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்.’ ‘அடக்கத்துக்கு ஆள் வராதவர்.’ ஒவ்வொரு மெழுகுவர்த்தி ஏற்றும்போதும் அவள் உதடு ஏன் அவ்வளவு நேரம் அசைந்தது என்று அன்றுதான் தெரிந்தது. நாங்கள் அம்மா அப்பாவுக்காகச் செபிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

28 பேரையும் இந்த இரண்டு பக்கத்தில் பெயர்த்து எழுதினோம். ‘பஸ்ஸில் வந்தவர்’ என்று ஒரு வரி. யார் என்று அத்தானுக்கும் தெரியவில்லை, பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. அப்படியே எழுதினோம். 25 இரவும் அந்த வரியை வாய்விட்டுப் படித்தேன். யார் என்று தெரியாத ஒருவருக்கு நித்திய இளைப்பாற்றி சொல்லும்போது குரல் தானாகவே தணிகிறது.

இதற்காகவே இந்தப் புத்தகத்துக்கு நன்றி சொல்கிறேன். தாள் தரம் நன்றாக இருக்கிறது, பேனா மை பின்பக்கம் ஊறவில்லை. மேலே ஒரு வரி வாசகம் போட்டிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும். மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரம் இருக்கிறதே. போரில் விழுந்தவர்களின் பாவம் போக்கும் பலிக்காக யூதா மக்கபே வீரர்களிடம் காசு திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தவர் உயிர்த்தெழுவார் என்று எதிர்பார்க்காதவன் அதைச் செய்யமாட்டான் என்று நூலாசிரியர் காரணத்தையும் சொல்லிவிடுகிறார். பக்கத்துக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும்.

இரண்டாம் வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 8ஆம் தேதி அமல உற்பவத் திருநாள். கோவிலில் ஒப்புரவுக்கு வரிசை நீண்டது, பாடற்குழு இரவில் பயிற்சி எடுத்தது. பீடத்தில் பூ கொஞ்சமாகத்தான். இந்தக் காலத்தில் அலங்காரம் அளவோடு இருக்கவேண்டும், ஆண்டவரின் பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முந்திக்கொள்ளக்கூடாது என்பது ஒழுங்கு. பெரிய பூங்கொத்து கொண்டுவருகிறவர்களிடம் அக்கா, “இன்னும் வரலையே, அதுக்குள்ள எதுக்கு? இருபத்தஞ்சுக்குக் கொண்டாங்க” என்று சிரித்துத் திருப்பி அனுப்புவாள். இப்போது அந்தப் பொறுப்பில் இருக்கிற பெண்ணும் அதே வார்த்தையைச் சொல்லக் கேட்டேன்.

14ஆம் தேதி ரோஸ் ஏற்றினோம். நான்கில் மோசமானது அதுதான். சாயம் மெல்லியது, ஏற்றிய மறுநாளே மேல்பாதி வெளிறிப்போனது. வழிந்த சாயம் பக்கத்து ஊதாவின்மேல் பட்டுக் கறையானது. அந்த ஒரு மெழுகுவர்த்திக்காவது செய்தவர்கள் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். துக்க வீட்டில் அந்த நிறம் கண்ணில் படுவதுதான் வாரத்தின் ஆறுதல்.

17ஆம் தேதியிலிருந்து வழிபாட்டின் நடை மாறும். அன்றுமுதல் 23 வரை ஏழு மாலை, மரியாவின் பாடலுக்கு முன் ‘ஓ’ என்று அழைக்கும் ஏழு பல்லவிகள்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. லத்தீனில் இவற்றின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் ‘ஏரோ க்ராஸ்’, நாளை இருப்பேன் என்று வரும். செபப் புத்தகத்தில் இந்த ஏழும் இல்லை. இது எனக்குப் பெரிய ஏமாற்றம். நானே தாளில் எழுதிச் செருகி வைத்தேன். ஏனென்றால் இறந்தோருக்கான செபம் இந்த ஏழுக்குள் வெளிப்படையாகவே இருக்கிறது. 20ஆம் தேதி, திறவுகோலே, வந்து சிறைவீட்டில் இருளில் அமர்ந்திருப்பவனை வெளியே கொண்டுவாரும் என்கிறோம். 21ஆம் தேதி, உதயமே, நித்திய ஒளியின் சுடரே, வந்து இருளிலும் இறப்பின் நிழலிலும் அமர்ந்திருப்போர்மேல் ஒளிவீசும். முடிவில்லாத ஒளி அவர்கள்மேல் ஒளிர்வதாக என்று நாம் கல்லறையில் சொல்வதும் இதே ஒளியைக் கேட்டுத்தான்.

2025இல் 21ஆம் தேதி நான்காம் ஞாயிறாகவும் அமைந்தது. நான்கும் சேர்ந்து எரிந்த முதல் இரவில் உதயமே என்ற பல்லவி. விளக்கை அணைத்துவிட்டுப் படித்தோம். நான்கு சுடர் வெளிச்சத்தில் 31 வரியும் கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது. அத்தான் அன்றுதான் முதல் தடவையாகத் தானே முழுப் பட்டியலையும் படித்தார். ‘அடக்கத்துக்கு ஆள் வராதவர்’ என்ற இடத்தில் நின்று, “இவர் அடக்கத்துக்கு அவ போனா. நானும் கூடப் போனேன். மறந்தே போச்சு” என்றார்.

387ஆம் ஆண்டு ஓஸ்தியாவில் சாகக் கிடந்த புனித மோனிக்கா, என் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். அக்கா அதையே அவள் பாணியில் சொல்வாள்: “எனக்குப் பூவெல்லாம் வேண்டாம், பூசைக்குக் கொடு.”

24ஆம் தேதி இரவு, கோவிலுக்குக் கிளம்பும் முன் அளந்து பார்த்தேன். முதல் மெழுகுவர்த்தி இரண்டு விரல் அகலம். இரண்டாவது 9 செ.மீ.; மூன்றாவது 15; நான்காவது 21. படிக்கட்டு மாதிரி நின்றன.

வாங்கலாமா? மெழுகுக்கு ஐந்தில் இரண்டரைதான் கொடுப்பேன். வளையம் உறுதியானது, பல வருஷம் வரும், அதற்கு நான்கு. செபப் புத்தகத்தின் உள்ளடக்கத்துக்கு இரண்டு, கடைசி இரண்டு பக்கத்துக்கு ஐந்து. வளையத்தையும் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியை மட்டும் உள்வரை நிறம் ஊறியதாகத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. அடி 2 செ.மீ. தடிமன் என்று சொல்லி வாங்கவேண்டும். 2026இல் திருவருகைக் காலம் நவம்பர் 29இல் தொடங்குகிறது, 26 நாள். முதல் மெழுகுவர்த்திக்கு, வார நாள் கால் மணியும் ஞாயிறு அரை மணியுமாக, ஏழரை மணி நேரம் வேண்டும். 8 மணி நேரத்துக்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

பெயர்ப் பக்கத்தில் இன்னும் 9 வரி இருக்கிறது. ஜனவரியில் அத்தான் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘எதிர் வீட்டுத் தாத்தா, மகன் வெளியூரில்.’ இப்போது எட்டு.